ஸ்டெபிலைசேஷனும் கேமரா பேட்டரியும்: எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பல ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும், முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. அப்படித் திறந்த வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால், ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் அந்தக் கட்டடத்தில் பிளக் பாயிண்ட் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றையும் மைக்செட்டும் கிரைண்டரும் முன்பே பிடித்திருக்கும். ஆகையால் பேட்டரியை மிச்சப்படுத்தும் கவலை இங்கே விடிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் கவலைக்கு மூத்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மருந்து ஒன்று உண்டு: கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரின் ஸ்விட்சை, லென்ஸின் பக்கவாட்டில் உள்ளதை, அணைத்துவிடு என்பதே அது.

நானும் சில ஆண்டுகள் அந்த மருந்தை உட்கொண்டேன். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில், வளவில், அதாவது வீட்டின் நடுவிலுள்ள திறந்த முற்றத்தில், வெயில் கொட்டிக்கொண்டிருக்க, பட்டாலை என்னும் கூடத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த ஆச்சிமார்களை 1/15 வினாடியில் எடுத்தேன். ஸ்விட்ச் அணைந்திருந்தது. மாலையில் கணினியில் பார்த்தபோது அந்த வரிசையில் ஒரு முகம்கூடத் தெளிவாக இல்லை. பேட்டரியிலோ மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ஸ்டெபிலைசேஷன் பேட்டரியைத் தின்கிறது என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு தின்கிறது, எந்த நேரத்தில் தின்கிறது என்று கணக்குப் பார்க்காமல் அணைத்தால் நஷ்டம் படத்துக்கே என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மின்சாரம் எங்கே போகிறது

கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு மூன்று வகைப்படும். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதியை நகர்த்துவது ஒன்று. கேனான் ஐஎஸ் என்றும் நிக்கான் விஆர் என்றும் ஃபுஜிஃபிலிம் ஓஐஎஸ் என்றும் சொல்வது இதைத்தான். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரையே நகர்த்துவது இரண்டாவது; 2003-இல் வெளிவந்த மினோல்டா டிமேஜ் ஏ1 கேமராவில் தொடங்கிய இந்த வழி, இன்று பல மிரர்லெஸ் கேமராக்களில் வந்துவிட்டது. மூன்றாவது, வீடியோவின் ஓரங்களை வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமையும் முந்தைய ஃபிரேமோடு பொருத்தி மென்பொருளால் நிலைநிறுத்துவது.

முதல் இரண்டிலும் வேலை நடக்கும் விதம் ஒன்றே. கைரோ உணரிகள் கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் சாய்கிறது என்பதை இடைவிடாமல் அளக்கின்றன. அந்த அளவைப் படித்து, எதிர்ப்பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று ஒரு சிப் கணக்கிடுகிறது. காந்தத்துக்கு நடுவே உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து, கண்ணாடியையோ சென்சாரையோ தள்ளுகிறது. உணரிக்கும் சிப்புக்கும் செலவாகும் மின்சாரம் சொற்பம். செலவின் பெரும்பகுதி கம்பிச்சுருளுக்குத்தான் போகிறது. சென்சார் மிதந்துகொண்டிருக்கும் அமைப்பில், நகர்த்துவதற்கு மட்டுமல்லாமல், கீழே சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதற்கும் மின்சாரம் வேண்டும். இதனால்தான் அணைத்து வைத்த சில கேமராக்களைக் குலுக்கினால் உள்ளே ஏதோ கழன்றுவிட்டது போலச் சத்தம் கேட்கிறது. அது பழுதன்று, தாங்கிப் பிடித்திருந்த மின்சாரம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. சென்சார் நகரும் கேமராக்கள் பலவற்றில், மெனுவில் ஸ்டெபிலைசேஷனை நிறுத்தினாலும், கேமரா விழித்திருக்கும் வரை அதே சுருள்கள் சென்சாரை நடுவில் பிடித்துவைத்திருக்க வேண்டும். எனவே அங்கே நிறுத்துவதால் கிடைக்கும் மிச்சம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. லென்ஸ் வகையில் நிலைமை வேறு: அணைத்ததும் கண்ணாடித் தொகுதி இயந்திரப் பூட்டில் போய் அமரும் லென்ஸ்கள் உண்டு, காதை அருகில் வைத்தால் அந்தச் சொடுக்குச் சத்தம்கூடக் கேட்கும். அங்கே மிச்சம் முழுதாகக் கிடைக்கும்.

எவ்வளவு என்பதற்குத் தயாரிப்பாளர்களின் எண்களே ஓரளவு பதில் சொல்கின்றன. கேமரா அட்டைப்பெட்டியில் காணும் ‘ஒரு சார்ஜில் இத்தனை படங்கள்’ என்ற எண், ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் பொதுச் சோதனை முறைப்படி, 23 டிகிரி வெப்பநிலையில் ஏறத்தாழ 30 வினாடிக்கு ஒரு படம் என்ற கணக்கில் அளக்கப்படுவது. 2013-இல் வந்த சோனி ஏ7 கேமராவில் சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. திரையைப் பார்த்து எடுத்தால் 340 படங்கள். அடுத்த ஆண்டு அதே பேட்டரியோடு, ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷன் சேர்த்து வந்த ஏ7 II கேமராவுக்கு 350 படங்கள். கூடுதல் இயந்திரம் வந்தும் எண் குறையவில்லை. மறுபக்கம், ஃபுஜிஃபிலிமின் எக்ஸ்-டி2 கேமராவுக்கு 340. அதே பேட்டரியைக் கொண்டு, சென்சார் ஸ்டெபிலைசேஷனோடு 2018-இல் வந்த எக்ஸ்-எச்1 கேமராவுக்கு 310. இது சுமார் ஒன்பது சதவீதக் குறைவு. அதிலும் எக்ஸ்-எச்1-இன் வியூஃபைண்டர் இன்னும் நுண்மையானது என்பதால், குறைவு முழுவதையும் ஸ்டெபிலைசேஷன் தலையில் கட்ட முடியாது.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். சோனி ஏ7 III கேமராவில் திரையைப் பார்த்து எடுத்தால் 710 படங்கள், வியூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் 610. எந்தக் கருவியையும் அணைக்காமல், எங்கே பார்க்கிறோம் என்பதை மாற்றியதாலேயே நூறு படங்கள் வித்தியாசப்படுகின்றன.

ஒரு நாள் கணக்கு

சோனி என்பி-எஃப்இசட்100 பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்பியர்-மணி, பெருக்கினால் 16.4 வாட்-மணி. விழித்திருக்கும் கேமரா 4 வாட் இழுக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், பேட்டரி நான்கு மணி ஆறு நிமிடம் தாங்கும். ஸ்டெபிலைசேஷன் அதன்மேல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று கொண்டால், மூன்று மணி நாற்பத்து நான்கு நிமிடம். இழப்பு இருபத்திரண்டு நிமிடம்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு கல்யாண நாளில் நாற்பது முறை கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறீர்கள், கேமரா தானாக உறங்கும் நேரம் மெனுவில் ஐந்து நிமிடம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஒரு நிமிடமாக்கினால், ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் மிச்சம்; நாற்பது முறைக்கு நூற்று அறுபது நிமிடம். இருபத்திரண்டு நிமிடத்துக்காகத் தெளிவான படத்தைப் பணயம் வைக்கிறவர் நூற்று அறுபது நிமிடத்தைக் கவனிக்காமல் விடுவது, அடுக்களையில் பானை ஒழுகிக்கொண்டிருக்க வாசல் குழாயை இறுக்குவது போன்றது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தானாக உறங்கும் நேரத்தை ஒரு நிமிடத்துக்கோ அதற்குக் கீழோ குறையுங்கள். அடுத்து வைஃபை, புளூடூத் இரண்டையும் விமானப் பயன்முறை கொண்டு ஒரேயடியாக நிறுத்துங்கள். ஷட்டர் பொத்தானைத் தொடாதபோதும் கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும் வசதி (பல கேமராக்களில் ப்ரீ-ஏஎஃப் என்ற பெயரில் இருப்பது) இயங்கினால் அதையும் நிறுத்துங்கள். அது லென்ஸ் மோட்டாரை நாள் முழுவதும் ஓட வைக்கிறது. எடுத்த படம் திரையில் தானாகத் தோன்றும் நேரத்தைக் குறையுங்கள். ஸ்டெபிலைசேஷனில் கை வைப்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். உறங்கிய கேமரா விழிக்க ஒரு நொடி ஆகுமே, தாலி கட்டும் திருப்பூட்டு நேரத்தில் அந்த நொடி போய்விடாதா என்று கேட்பீர்கள். கேமராவைக் கண்ணுக்குத் தூக்கும்போதே ஷட்டரைப் பாதி அழுத்திக்கொண்டு தூக்கிப் பழகினால் அந்த நொடி தெரியாது. அப்படியும் அச்சம் தீராவிட்டால், அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் உறக்கத்தை நிறுத்தி வையுங்கள்.

நிறுத்துவதற்கு முன், முறையை மாற்றிப் பாருங்கள்

இயக்கு, அணை என்ற இரண்டு நிலைக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபுஜிஃபிலிம் கேமராக்களின் மெனுவில் ஸ்டெபிலைசேஷனை ‘தொடர்ச்சியாக’ என்றும் ‘படம் எடுக்கும்போது மட்டும்’ என்றும் இரு விதமாக வைக்கலாம். கேனானின் மிரர்லெஸ் கேமராக்களிலும் ‘எப்போதும்’, ‘எடுக்கும்போது மட்டும்’ என்ற தேர்வுகள் உண்டு. கேனானின் பெரிய டெலி லென்ஸ்களில் உள்ள மோடு 3 படம் பதிவாகும் கணத்தில் மட்டும் நடுக்கத்தைச் சரிக்கட்டும். இந்த முறைகளில் சுருள்கள் நாள் முழுவதும் உழைக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் 35 எம்எம் அல்லது 50 எம்எம் லென்ஸோடு எடுப்பவருக்கு, வியூஃபைண்டர் காட்சி சற்று அசைந்தாலும் தொந்தரவில்லை என்பதால், ‘எடுக்கும்போது மட்டும்’ என்பதே பொருத்தமான நிலை என்பது என் எண்ணம். பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அவற்றில் பொதுவாக ஷட்டரைப் பாதி அழுத்திய பிறகுதான் லென்ஸின் ஸ்டெபிலைசர் விழிக்கும், விரலை எடுத்த சில நொடிகளில் ஓய்ந்துவிடும்.

இடத்துக்கு ஏற்ப

வளவைச் சுற்றிய தாழ்வாரங்களும் இரண்டாம் கட்டும்: இங்கே ஸ்டெபிலைசேஷனை அணைக்கவே வேண்டாம். திறந்த வளவில் வெளிச்சம் ஏராளமாக இருக்கும். நான்கு அடி உள்ளே வந்தால் பர்மா தேக்குத் தூணும் கறுத்த மரக் கூரையும் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். கையில் பிடித்து எடுக்க, லென்ஸின் குவியத்தூரம் எவ்வளவோ அதன் தலைகீழ் எண்ணில் ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய விதி: 50 எம்எம் லென்ஸுக்கு ஏறத்தாழ 1/60 வினாடி. ஸ்டெபிலைசேஷன் நான்கு ஸ்டாப் உதவுகிறது என்றால், ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு என்பதால், பதினாறு மடங்கு மெதுவாக, அதாவது 1/4 வினாடி வரை போகலாம். நடைமுறையில் ஆட்களை எடுக்கும்போது நான் அதில் பாதியைத்தான் நம்புவேன். ஏனெனில் கேமராவின் அசைவை மட்டுமே இந்த ஏற்பாடு சரிக்கட்டுகிறது, தலையைத் திருப்பும் ஆச்சியின் அசைவை அது ஒன்றும் செய்யாது. உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு 1/30-க்குக் கீழே போகாமல் இருப்பதும், ஆளில்லாத தூண் வரிசைக்கு 1/4 வரை இறங்குவதும் என் வழக்கம். இங்கே ஸ்டெபிலைசரை அணைத்து, சென்சாரின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு உயர்த்தினால், பேட்டரியில் மிஞ்சியது பட்டுப்புடவையின் நூல் நயத்தில் போய்விடும்.

ஆத்தங்குடித் தரையும் விதானமும்: இவற்றை எடுக்க முக்காலி வைப்பதே முறை. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பதால் வரும் அந்தக் கற்களின் பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் விழும் கோணத்தை நிதானமாகப் பார்த்து, ஐஎஸ்ஓ 100-இல் அரை வினாடி, ஒரு வினாடி என்று எடுக்க வேண்டியிருக்கும். முக்காலியில் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். இங்கே இரட்டை லாபம்: பேட்டரியும் மிஞ்சும், அசையாத கேமராவில் அசைவைத் தேடி ஸ்டெபிலைசர் தானே மெல்ல அலைந்து படத்தை மழுக்கும் அபாயமும் நீங்கும். புதிய லென்ஸ்கள் பல முக்காலியை உணர்ந்து தாமே அடங்கிவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் நெடுநேரம் காத்திருந்து எடுக்கும் படத்தில் நான் அதை நம்பி விடுவதில்லை. முக்காலியில் இருக்கும்போது மின்சாரம் மிச்சமாக ஸ்டெபிலைசரை அணைக்கச் சொல்லிக் கேனானின் பழைய லென்ஸ் கையேடுகளே அறிவுறுத்துகின்றன.

மஞ்சுவிரட்டும் மாட்டுவண்டிப் பந்தயமும்: சிராவயல் திடலில் பாயும் காளையை நிறுத்திக் காட்ட 1/1000 வினாடியோ அதற்கும் வேகமாகவோ வேண்டும். அந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் பதியவே பதியாது. ஆகவே தை மாதத்து நண்பகல் வெயிலில் ஸ்டெபிலைசேஷனை அணைத்தால் படத்துக்குக் கேடில்லை. பந்தய வண்டியோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே 1/60-இல் எடுத்து, பின்னணியைக் கோடுகளாக ஓடவிட விரும்பினால் மட்டும் லென்ஸை மோடு 2-க்கு மாற்றுங்கள். அது நீங்கள் திருப்பும் திசையை விட்டுவிட்டு, மேல்கீழ் அசைவை மட்டும் சரிக்கட்டும்.

திருப்பத்தூர் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியின் கண்மாய்க்கரை: பறவைகள் அஞ்சக்கூடாதென்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்துவரும் வேட்டங்குடிச் சரணாலயம் இது, மழைக்காலம் முடிந்து பறவைகள் கூடியிருக்கும் மாதங்களில் 400, 600 எம்எம் லென்ஸோடு பலர் வருகிறார்கள். ஸ்டெபிலைசேஷன் பேட்டரியை உண்மையிலேயே கரைக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இங்கே ஒரு படத்துக்காக இருபது நிமிடம் கண்ணை எடுக்காமல் காத்திருக்கிறோம். கேமரா உறங்குவதில்லை, வியூஃபைண்டர் எரிந்துகொண்டே இருக்கிறது, நீண்ட லென்ஸின் கனமான கண்ணாடித் தொகுதியைச் சுருள்கள் ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கின்றன. கேமரா உறங்கிக்கொண்டே போகும் கல்யாண நாளில் இருபத்திரண்டு நிமிடமாக இருந்த இழப்பு, இங்கே பெரிதாகிறது. ஆனால் முழுவதும் அணைத்தால், 600 எம்எம் பார்வையில் கூழைக்கடா கட்டத்துக்குள் நிற்காமல் தள்ளாடும், ஃபோகஸ் புள்ளியும் அதன் கண்ணில் நிற்காது. நான் செய்வது இது: பறவை கூட்டில் சும்மா இருக்கும்போது வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு, விரலை ஷட்டரிலிருந்து எடுத்துவிடுகிறேன், லென்ஸை முக்காலித் தலையில் தாங்க வைத்து, தலையின் திருகைத் தளர்த்தி, மோடு 3-இல் எடுக்கிறேன். கையிலேயே பிடித்து எடுப்பவர்கள் ஸ்டெபிலைசரை இயக்கியே வைத்துக்கொண்டு, பேட்டரியை ஒன்று கூடுதலாகக் கொண்டுபோவது நல்லது.

வீடியோ: தொடர்ந்து இயங்குவதால் ஸ்டெபிலைசேஷனின் செலவு இங்கே கண்ணுக்குத் தெரியும், மென்பொருள் முறையையும் சேர்த்தால் செயலிக்கும் வேலை கூடி, வெப்பமும் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் கேமரா சூடாகி நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கேமராவை மோட்டார் கொண்டு நிலையாகத் தாங்கும் கிம்பலில் ஏற்றியிருந்தால், குறிப்பாக அகலக் கோண லென்ஸில், கேமராவின் ஸ்டெபிலைசேஷனை நிறுத்திப் பாருங்கள். இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்போது ஓரங்கள் நெளியும். முக்காலியில் வைத்த வீடியோ கேமராவுக்கு எதுவுமே வேண்டாம். யூஎஸ்பி டைப்-சி பவர் பேங்கிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டே இயங்கும் கேமராவாக இருந்தால், இந்தக் கணக்கு எதையும் போடாமல் வயரைச் செருகிவிடலாம்.

உங்கள் கேமராவைச் சோதிப்பது

மேலே நான் சொன்ன பத்தில் ஒரு பங்கு ஓர் உத்தேசம். உங்கள் கேமராவின் எண்ணை ஓர் ஓய்வு நாளில் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரே பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, ஒரே லென்ஸ், ஒரே திரை வெளிச்சம், ஒரே வீடியோ அளவு வைத்து, ஃபோகஸைக் கையால் நிலைநிறுத்திவிட்டு, தானாக உறங்கும் வசதியை நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசேஷனை இயக்கி, பேட்டரி பாதியாகும் வரை வீடியோ ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே வேளையில், அதே அறையில், அதை அணைத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். முக்காலியில் வைத்துச் சோதித்தால் ஸ்டெபிலைசருக்கு வேலையே இராது, எண் பொய்யாகிவிடும். மடியில் வைத்துக்கொண்டோ, கழுத்தில் தொங்கவிட்டோதான் செய்ய வேண்டும். திரையில் பேட்டரி மூன்று கட்டமாக மட்டும் தெரியும் கேமராக்களில் பாதி என்பதைக் கணிக்க முடியாது. அவற்றில் முழுவதும் தீரும் வரை ஓடவிடுங்கள். ஒருமுறை செய்ததை நம்பாமல் இரண்டு முறை செய்து பாருங்கள். இரண்டு நேரங்களுக்கும் இடையில் ஐந்து நிமிட வித்தியாசம்தான் இருந்தால், கல்யாண நாளில் ஸ்விட்சைத் தொடுவதையே மறந்துவிடலாம்.

பேட்டரியைப் பற்றிச் சில

குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும் என்ற எச்சரிக்கை கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு. நமக்கு எதிரி வெயில்தான். லித்தியம் அயான் பேட்டரி வெப்பத்தில் அந்த நேரத்துக்கு நன்றாக வேலை செய்வதுபோல் தெரியும், ஆனால் அதன் கொள்ளளவு ஆண்டுக்காண்டு வேகமாகக் குறையும். பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் பேட்டரிப் பையை வைத்துவிட்டுத் தரிசனத்துக்குப் போகாதீர்கள். சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் ஆறவிடுங்கள். பல வாரம் பயன்படுத்தாமல் வைப்பதானால் முழு சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி அளவில், குளுமையான இடத்தில் வையுங்கள். இந்த வேதியியலில் ஆழமாக இறங்க விரும்புகிறவர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அங்கே பேட்டரி ஆராய்ச்சி நெடுநாளாக நடக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, முந்தைய இரவே எல்லா பேட்டரிகளையும் நிரப்பிவிடுங்கள். பேட்டரிகளுக்கு எண் ஒட்டி, எந்த எண் சீக்கிரம் தீர்கிறது என்று கவனித்து வாருங்கள். ஸ்டெபிலைசரின்மேல் சுமத்தப்படும் பழி பல நேரங்களில் வயதான ஒரு பேட்டரிக்கு உரியது.

கடைசியாக, அணைத்த ஸ்விட்சை மறப்பதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு. முக்காலியில் ஆத்தங்குடித் தரையை எடுத்துவிட்டு, யாரோ கூப்பிட, கேமராவைக் கழற்றிக்கொண்டு பட்டாலைக்கு ஓடுவோம். முக்காலித் தட்டை விடுவிக்கும் கை, கேமராவைத் தூக்குவதற்கு முன் லென்ஸின் ஸ்விட்சை மேலே தள்ளிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று பழக்கிக்கொள்ளுங்கள். மெனுவில் மாற்றும் கேமராவாக இருந்தால், ஸ்டெபிலைசேஷனை ஒரு தனிப் பொத்தானில் அமைத்து, திரையின் மூலையில் அதன் குறி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.